வீட்டுப் பட்டறைக்கு எந்த லேத்? சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு

வீட்டில் இரும்பு வேலை செய்து பழகியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். பெஞ்ச் வைஸ் இருக்கிறது, டிரில்லிங் மெஷின் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, அரம் பிடிக்கக் கை பழகிவிட்டது. ஆனால் ஒரு புஷ், ஒரு ஸ்பேசர், ஒரு புல்லி என்று வட்டமாக எதையாவது கடைய வேண்டி வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. லேத் வேண்டும். சரி, எந்த லேத்?

சென்னையில் நமக்கு மூன்று வழி இருக்கிறது. மேஜை மேல் வைக்கிற புது மினி லேத் வாங்கலாம். அம்பத்தூர், கிண்டி பக்கம் ஏதாவது பட்டறை கழித்துவிடுகிற பழைய நாலரை அடி லேத்தைப் பிடிக்கலாம். அல்லது ஒன்றும் வாங்காமல், பக்கத்தில் இருக்கிற லேத் பட்டறையில் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: இடம் கொள்கிற அளவுக்குப் பெரிய மெஷினாக வாங்கு, கனமான பழைய இரும்புதான் நல்ல வேலை தரும். அவர்கள் இடத்தில் அது நியாயம். தரையோடு கார் ஷெட் இருக்கும். வெளியே ஒரு சின்ன உருப்படியைக் கடையக் கொடுத்தால் கூலி தாங்காது. ஆகவே வீட்டு மெஷினே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். நமக்கு நிலைமை வேறு. 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை, அடுத்து 1960-களில் அம்பத்தூர் என்று வளர்ந்த ஊர் இது. அந்தப் பேட்டைகளைச் சுற்றி ஈக்காட்டுத்தாங்கல், பாடி, பெருங்குடி, வியாசர்பாடி என்று ஒற்றை மெஷின், இரட்டை மெஷின் பட்டறைகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரிய வேலையைச் செய்துகொடுக்க ஒரு கை பக்கத்திலேயே இருக்கும்போது, நம் வீட்டு மெஷின் பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடுகிறது. இதை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கணக்கை அப்படியே இங்கே போட்டால் தவறான மெஷினில்தான் போய் முடியும்.

அதனால் மெஷின் வாங்குவதைப் பற்றிப் பேசும் முன் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னரைப் பற்றிப் பேச வேண்டும்.

பட்டறையில் கொடுத்து வாங்குவது

ஒரு வேலையை டர்னரிடம் கொடுத்துப் பார்த்தால்தான் நமக்கு எவ்வளவு தெரியவில்லை என்பது தெரியும். நாம் படம் வரைந்து, வெளி விட்டம் 35 மில்லி என்று எழுதி எடுத்துக்கொண்டு போவோம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “புஷ் கையால இறங்கணுமா சார், தட்டி இறக்கணுமா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஃபிட், டாலரன்ஸ் என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கிற அத்தனையும் அடங்கிவிடும். 6202 பேரிங்கின் வெளி விட்டம் 35 மில்லி. அது உட்கார வேண்டிய துளையும் சரியாக 35 என்று எழுதினால் போதாது. அது அழுத்தி நிற்க வேண்டுமா, கழற்றி மாட்ட வேண்டுமா என்பதைப் பொறுத்து ஒரு மில்லியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு கூடவோ குறையவோ வேண்டும். அந்த அளவை எழுதிக் காட்டத் தெரியாவிட்டால், பேரிங்கையே கையில் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நல்ல டர்னர் அதைப் போட்டுப் பார்த்துப் பார்த்துக் கடைந்து கொடுப்பார். எதிலாவது மாட்ட வேண்டிய உருப்படி என்றால், மாட்ட வேண்டிய ஜோடியையும் கூடவே கொண்டு போவது நல்லது.

கூலி விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் வாங்குவது கடைகிற நேரத்துக்கு மட்டும் இல்லை, செட்டிங் நேரத்துக்கு. உருப்படியைப் பிடித்துச் சுழற்றுகிற மூணு ஜா சக்கைக் கழற்றி நாலு ஜா மாட்டி, டயல் வைத்து சென்டர் பார்த்து, டூல் மாற்றி... கடைசியில் கடைவது அஞ்சே நிமிடம். ஒரு புஷ்ஷுக்கு ஆகிற கூலியோடு கொஞ்சம் போட்டால் நாலு புஷ் கிடைத்துவிடும். ஆகவே வேலைகளைச் சேர்த்துவைத்துக் கொண்டுபோங்கள். மாதக் கடைசியில் போகாதீர்கள். கம்பெனி டெலிவரி நெருக்கும், உங்கள் ஒற்றை உருப்படி ஓரமாகப் போய்விடும். பெரிய பட்டறைகள், சிஎன்சி வைத்திருப்பவர்கள், ஒற்றை உருப்படியைத் தொடவே மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது பழைய மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, ரிப்பேர் வேலையே சோறாக இருக்கும் பட்டறை. பம்ப் ஷாஃப்ட், மோட்டார் புஷ், பைக் ஹப் என்று தினம் ஒரு விதமாக வேலை பார்த்தவர்களுக்கு நம் விநோதமான உருப்படி விநோதமாகவே தெரியாது.

இந்த வழியில் பணம் மிச்சம், இடம் மிச்சம், வேலையும் நம் கையைவிட நூறு மடங்கு சுத்தமாக வரும். பிறகு எதற்கு மெஷின் வாங்க வேண்டும்?

இரண்டு காரணம். ஒன்று, சில வேலைகளை அளவு சொல்லிக் கொடுக்கவே முடியாது. சின்ன ஸ்டிர்லிங் இன்ஜின் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிஸ்டன் சிலிண்டருக்குள் தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். ஆனால் அடியை விரலால் மூடினால் அப்படியே நிற்க வேண்டும். கடைந்து, போட்டுப் பார்த்து, மறுபடி ஒரு மயிரிழை எடுத்து, தேய்த்து, மறுபடி போட்டுப் பார்த்து என்று அது ஒரு சாயங்காலம் முழுக்க ஓடுகிற வேலை. இதை இன்னொருவர் மெஷினில், அவருடைய நேரத்தில் செய்யச் சொல்ல முடியாது. இரண்டாவது காரணம் இன்னும் எளிது: கடைவதுதான் நமக்கு ஆசை. இரும்பு டூலின் நுனியில் சுருளாக உரிந்து வருவதைப் பார்க்கிற சந்தோஷத்தை யாரிடமும் கூலிக்குக் கொடுக்க முடியாது. பொழுதுபோக்கு என்று ஒன்றை வைத்துக்கொண்டால் அதில் இந்த ஆசைக்கும் கணக்கில் இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

மினி லேத்

7க்கு 12, 7க்கு 14 என்று அங்குலத்தில் சொல்லி விற்கிறார்கள். முதல் எண், மெஷினின் அடித் தண்டவாளமான பெட்டின் மேல் சுழலக்கூடிய அதிகபட்ச விட்டம், ஏறத்தாழ 180 மில்லி. இரண்டாவது, உருப்படியை இரு முனையிலும் தாங்குகிற இரண்டு சென்டருக்கும் நடுவே பிடிக்கக்கூடிய நீளம். எடை 40 கிலோவை ஒட்டி. பெரும்பாலும் சீனத் தயாரிப்பு; மேலே ஒட்டியிருக்கிற பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே வடிவம்தான். அது ஒரு வசதியும்கூட. ஒருவர் கண்ட கோளாறையும் அதற்குச் செய்த மருந்தையும் அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

180 மில்லி என்று போட்டிருப்பதை நம்பி 150 மில்லி இரும்புத் தட்டைக் கடையலாம் என்று நினைக்கக் கூடாது. டூலைக் குறுக்கே நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடுக்கு மேலே கிடைக்கிற இடம் மிகக் குறைவு. வசதியாகக் கடையக்கூடியது, இரும்பில் 25, 30 மில்லி கம்பி. அலுமினியம், பித்தளை என்றால் அதைவிடக் கொஞ்சம் தாராளமாகப் போகலாம். ஒரு தடவைக்கு இரும்பில் கால் மில்லி ஆழம் எடுத்தால் சமர்த்தாக எடுக்கும். ஒரு மில்லி எடுக்கப் போனால் மெஷினே நடுங்க ஆரம்பிக்கும்.

இந்த மெஷினை வாங்கியதும் பிளக்கைச் சொருகி ஓட்டக் கூடாது. பெட்டியிலிருந்து வருவதைப் பாதி செய்த மெஷின் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய பிசுக்கை மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். அதோடு சேர்ந்து பொடி இரும்பும் மணலும் வரும். ஸ்லைடுகளைக் கழற்றி, ஓரப் பிசிறுகளை அரம் போட்டு எடுத்து, இறுக்கத்தைச் சரிசெய்கிற கிப் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முறுக்கி, ஸ்லைடு ஆடாமலும் இறுகாமலும் ஓடுகிற அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஒரு வார இறுதி போகும். ஆனால் போகிற அந்த நேரத்தில் லேத் என்பது என்ன என்று முழுசாகப் புரிந்துவிடும். எந்த ஸ்க்ரூ எதைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்த மெஷினில் வேலை செய்வது தனி தைரியம்.

குறைகள் இருக்கின்றன. மரையின் அளவுக்குத் தகுந்தபடி மாட்டுகிற மாற்று கியர்கள் பல மாடல்களில் பிளாஸ்டிக். டூல் மாட்டிக்கொண்டால் பல் உடையும். அதனால் மோட்டார் தப்பிக்கும் என்பதால் எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்துகிற போர்டுதான் உண்மையான பலவீனம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியில் இருப்பவர்கள் ஒரு ஸ்டெபிலைசர் வைத்துக்கொள்வது நல்லது. போர்டு போனால் ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கிச் சரிசெய்யத் தெரிந்த நண்பர் ஒருவர் இருப்பதும் நல்லது. கம்பியை வெட்டித் துண்டாக்குகிற பார்ட்டிங் வேலையில் மினி லேத் மிகவும் தடுமாறும். டூல் கடித்து, மெஷின் அதிர்ந்து, பிளேடு உடையும். பதினாறு மில்லிக்கு மேல் போன இரும்பு என்றால் ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு முகத்தை மட்டும் லேத்தில் சீவுவதே நிம்மதி.

மெஷின் விலையோடு செலவு முடியாது. நாலு ஜா சக், டிரில் சக், லைவ் சென்டர், டூல் போஸ்ட், டூல் பிட்டுகள், காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ், மைக்ரோமீட்டர் எல்லாம் சேர்த்தால் மெஷின் விலையில் பாதி அளவுக்கு இன்னொரு தொகையை ஒதுக்கத்தான் வேண்டும். பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவிலும் செம்புதாஸ் தெருவிலும் ஒரு நாள் நடந்தால் இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். டூல் விஷயத்தில் என் கட்சி எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) தான். கார்பைடு டிப்புகள் வேகமாகவும் ஆழமாகவும் வெட்டுவதற்காகச் செய்தவை. அந்த வேகத்தையும் பலத்தையும் மினி லேத்தால் கொடுக்க முடியாது. எச்எஸ்எஸ் பிட்டை நாமே கிரைண்டரில் தீட்டிக்கொள்ளலாம். 25 மில்லி எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கம்பிக்கு எச்எஸ்எஸ் டூல் வைத்தால் நிமிடத்துக்கு 380 சுற்று போதும். இந்த மெஷினில் அது சுலபமாகக் கிடைக்கும்.

பழைய நாலரை அடி லேத்

பெங்களூரு எச்எம்டி, ஹரிஹர் மைசூர் கிர்லோஸ்கர் போன்ற பெயர் பொறித்த மெஷினைப் பார்த்ததும் மனசு தடுமாறும். தடுமாறுவதில் தப்பே இல்லை. அந்த வார்ப்பும் அந்தக் கனமும் இன்றைக்குக் கிடைக்கிற மேஜை மெஷின்களில் கிடையாது. ஆனால் விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை அந்த வகையும் இல்லை. பஞ்சாப், குஜராத் பக்கம் செய்த, பெல்ட்டில் ஓடுகிற சாதாரண நாலரை அடி மெஷின்கள்தான். அவற்றிலும் நல்லவை உண்டு. மினி லேத் நாலு தடவையில் எடுப்பதை ஒரே தடவையில் எடுக்கும், பார்ட்டிங் செய்யும்போது முனகாது, பைக் ஹப், பம்ப் புல்லி எல்லாம் சக்கில் அடங்கும். விலையும் பல சமயம் மினி லேத்துக்குக் கிட்டத்தட்ட அதேதான்.

வாங்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். ஒரு சோதனை செய்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். டூலைத் தாங்கி பெட்டின் மேல் நகர்கிற கேரேஜை ஹெட்ஸ்டாக் பக்கம், சக்குக்கு அருகே கொண்டுவந்து நிறுத்துங்கள். பத்தில் ஒன்பது வேலை அங்கேதான் நடந்திருக்கும், தேய்மானமும் அங்கேதான் இருக்கும். அந்த இடத்தில் கேரேஜ் லாக்கை லேசாக முறுக்கி, இழுத்தால் கொஞ்சம் இறுக்கமாக நகர்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கை வீலைச் சுற்றி எதிர்முனையில் இருக்கிற டெயில்ஸ்டாக் பக்கம் மெதுவாகக் கொண்டுபோங்கள். கடைசி வரைக்கும் ஒரே சீராக வந்தால் பெட் நன்றாக இருக்கிறது. நடுவிலேயே இறுகி நின்றுவிட்டால், சக்குப் பக்கம் பெட் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய பெட்டைக் கிரைண்டிங் கொடுக்க வேண்டும். வீட்டுப் பட்டறைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. அந்த மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றுகிறதா? பரவாயில்லை. நட்டை மாற்றலாம், அதோடு வாழவும் பழகலாம். சக்கைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலில் டயல் கேஜை வைத்து, சக்கில் ஒரு கட்டையைச் சொருகி மேலே நெம்பிப் பாருங்கள். முள் ஓரிரு கோட்டுக்கு மேல் தாவினால் பேரிங் இறுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். கடைசியாக, 25 மில்லி கம்பியைச் சக்கில் 100 மில்லி வெளியே நீட்டிப் பிடித்து, மெலிதாக ஒரு தடவை கடைந்து, இரண்டு முனையும் ஒரே அளவாக இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். மெஷினை ஓட்டிக் காட்ட மாட்டேன் என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம். இந்த இடத்தில்தான் முன்னே சொன்ன டர்னர் மறுபடி வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவர் கேரேஜைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாலே பதில் கிடைத்துவிடும்.

மரை போடுகிற வேலையில் பழைய மெஷின்களுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. மரை போடும்போது கேரேஜை நகர்த்துகிற லீட் ஸ்க்ரூ பலவற்றில் அங்குலத்துக்கு 4 மரை என்ற பழைய கணக்கில் இருக்கும். அதில் மில்லிமீட்டர் மரை சரியாக வர வேண்டுமானால் 127 பல் கியர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லி, அதை ஐந்தால் பெருக்கினால் 127. அதைவிடச் சின்ன எண்ணில் இந்த மாற்றம் துல்லியமாக வராது. அப்படி மில்லி மரை போடும்போது கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கிற ஹாஃப் நட்டைப் பாதியில் திறந்துவிட்டால் மறுபடி அதே பள்ளத்தில் டூல் விழாது. மெஷினைத் திருப்பி ஓட்டித்தான் டூலைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கோ இந்த அங்குல லீட் ஸ்க்ரூவே வரம். 1950-களில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய அந்த வண்டி பிரிட்டிஷ் வடிவம், மரைகளும் பிரிட்டிஷ். அங்குலத்துக்கு 26 என்கிற சைக்கிள் மரையை நாலு மரை லீட் ஸ்க்ரூவில் போடுவது நேர் கணக்கு. மினி லேத்தில் வருகிற ஒன்றரை மில்லி லீட் ஸ்க்ரூவில் கியர்களை மாற்றி மாற்றி ஏறக்குறையத்தான் கொண்டுவர முடியும். நட் நீளம் குறைவு என்பதால் பெரும்பாலும் அது ஒத்துப்போய்விடும்.

வீடு என்ன சொல்கிறது

மெஷின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீடு ஒத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் நாலில் மூன்று பங்கு முடிவை வீடே எடுத்துவிடும் என்பது என் எண்ணம்.

நாலரை அடி மெஷின் கிட்டத்தட்ட அரை டன். கனமான வகை அதற்கும் மேல். அடுக்குமாடிகளில் ஆறு பேர் போகிற லிஃப்ட் தாங்குவது 408 கிலோ. பிரித்து மேலே ஏற்றினாலும் தளத்தை நினைக்க வேண்டும். குடியிருப்புத் தளங்களை நம் கட்டட விதிகள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற சுமைக்குத்தான் கணக்கிடச் சொல்கின்றன. லேத்தின் கால்கள் நிற்கிற இடத்தில் அதைவிடப் பல மடங்கு இறங்கும். ஆகவே மாடி வீட்டில் பழைய லேத் என்ற பேச்சே வேண்டாம்.

தரைத் தளம் என்றால் மழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்று உங்கள் தெருவில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பழைய லேத்துகளில் மோட்டார் பெரும்பாலும் கீழே, காலுக்குள் இருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீருக்கே முதலில் போவது அதுதான். மினி லேத்தை இரண்டு பேர் தூக்கி மாடிப்படியில் ஏற்றிவிடலாம். அரை டன் மெஷினை வாங்கினால், 2015-இல் சுவரில் படிந்த கறைக்கு மேலே நிற்கிற மாதிரி முதலில் ஒரு கான்கிரீட் மேடை கட்டிவிடுங்கள். வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த மெஷின்களும் விற்பனைக்கு வரும். ஹெட்ஸ்டாக் ஆயில் கண்ணாடியில் பால் கலந்த மாதிரி தெரிந்தாலோ, கியர் பெட்டியின் அடியில் வண்டல் இருந்தாலோ, சக்கைக் கழற்றினால் உள்ளே புள்ளி புள்ளியாக அரித்திருந்தாலோ விலகிவிடுங்கள்.

அடுத்தது கரண்ட். மினி லேத்துக்குச் சாதாரண பிளக் போதும். பழைய மெஷினில் ஒரு ஹெச்பி, இரண்டு ஹெச்பி மூணு ஃபேஸ் மோட்டார் இருக்கும். தனி வீட்டில் மூணு ஃபேஸ் இணைப்பு இருந்தால் பிரச்சினை இல்லை. சிங்கிள் ஃபேஸ் மட்டும் இருந்தால் சிங்கிள் ஃபேஸை மூணு ஃபேஸாக மாற்றித் தருகிற விஎஃப்டி ஒன்று வைத்து ஓட்டலாம்; வேகத்தையும் விரும்பியபடி மாற்றலாம். ஆனால் அது கொடுப்பது 230 வோல்ட் மூணு ஃபேஸ். 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும், அதற்கு மோட்டார் பெட்டியில் ஆறு ஒயரும் வெளியே வந்திருக்க வேண்டும். மூன்றே ஒயர் வந்திருந்தால் மோட்டாரைப் பிரித்து நடு இணைப்பை எடுக்கத் தெரிந்த வைண்டிங் கடைக்காரரிடம் போக வேண்டும். இன்னொன்று முக்கியம்: பழைய மெஷின்கள் பலவற்றில் சக் மரையில்தான் ஏறி நிற்கும். விஎஃப்டி இருக்கிறது என்று சடாரென்று பிரேக் போட்டாலோ, வேகத்தில் திருப்பி ஓட்டினாலோ, சக் கழன்று மேலே வந்து விழும்.

துருவுக்கு எந்த மெஷினும் விதிவிலக்கு இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஜன்னல் கம்பியே சொல்லும். வியர்த்த கையால் பெட்டைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டால் மறுநாள் காலையில் விரல் ரேகை பழுப்பு நிறத்தில் தெரியும். வேலை முடிந்ததும் சுருள்களைப் பிரஷ்ஷால் கூட்டி எடுத்துவிட்டு 68 நம்பர் ஸ்லைடுவே ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி போதும். பட்டறைக்காரர்கள் ஊற்றுகிற பால் நிறக் கூலன்ட்டை வீட்டு மெஷினில் பயன்படுத்தாதீர்கள். அவர்கள் மெஷின் தினமும் ஓடுகிறது, நம்முடையது வாரம் ஒருமுறை. நடுவில் அந்தத் தண்ணீர் ஸ்லைடுக்கு அடியில் உட்கார்ந்து அரித்துவிடும். இரும்புக்குக் கட்டிங் ஆயிலும் அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷால் தொட்டு வைத்தாலே போதும்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். மினி லேத் மிக்சி அளவுக்குக்கூடச் சத்தம் போடாது, அடியில் ரப்பர் ஷீட் வைத்தால் கீழ் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கியரில் ஓடுகிற பழைய மெஷின் தெருவுக்கே கேட்கும்.

3டி பிரிண்டர் இருக்கும்போது லேத் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பிரிண்டர் பெட்டியும் பிராக்கெட்டும் செய்யும்; ஷாஃப்டும் புஷ்ஷும் செய்யாது. இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை.

எந்த மெஷினை வாங்கினாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெயில் காலத்தில் வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு இருப்பது வழக்கம். அதோடு லேத் முன் நிற்காதீர்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, கழுத்துச் சங்கிலி, கைக் கயிறு, மோதிரம் எதுவும் வேண்டாம். 40 கிலோ மெஷின்தானே என்று நினைக்காதீர்கள், அரை ஹெச்பி மோட்டார் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டால் கையை விடாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடுவதுதான் எல்லாப் பட்டறைகளிலும் நடக்கிற விபத்து. சாவியைச் சக்கிலிருந்து எடுத்த பிறகே அதன் மேலிருந்து கையை எடுப்பது என்ற பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் மெஷினுக்குத் தனி சுவிட்சும் பூட்டும் வைத்துவிடுங்கள்.

நான் சொல்வது

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு என் பதில் தெளிவானது. முதலில் கொஞ்ச காலம் பட்டறையில் கொடுத்து வாங்குங்கள். என்னென்ன வேலை கொடுத்தீர்கள், என்ன அளவு என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதில் பெரும்பாலானவை 30 மில்லிக்கு உள்ளே, பித்தளையும் அலுமினியமும் மெல்லிய இரும்பும் என்றால் மினி லேத் வாங்குங்கள். வாங்கிய பிறகும் பெரிய ஹப்பையும் நீளமான ஷாஃப்டையும் அதே டர்னரிடம் கொடுங்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று உருப்படிதான் என்று நோட்டில் தெரிந்தால் மெஷினே வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மைக்ரோமீட்டரும் நல்ல டிரில்லிங் மெஷினும் வாங்கலாம்.

வாங்கிய புதிதில் புதுப்பேட்டையில் கிடைக்கிற பழைய ஆக்சில் ஷாஃப்டை எடுத்துக் கடையாதீர்கள். அது கடினப்படுத்திய எஃகு, டூல் நுனிதான் போகும். மெஷின் சரியில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். மண்ணடியில் பித்தளைக் கம்பியும், சுலபமாகக் கடையக்கூடிய ஈஎன்1ஏ இரும்புக் கம்பியும் கேட்டு வாங்கிப் பழகுங்கள். இரண்டும் டூலுக்கு வளைந்து கொடுக்கும்.

கொளத்தூர், ஆவடி, மாதவரம் பக்கம் தனி வீடு, மேடான ஷெட், மூணு ஃபேஸ் கரண்ட், சரிசெய்ய ஒரு பழைய வண்டி, கூட வந்து பார்த்துச் சொல்ல ஒரு டர்னர் என்று எல்லாம் அமைந்தவர்கள் பழைய லேத்தையே தேடுங்கள். அவர்களுக்கு மினி லேத் சீக்கிரமே போதாமல் போகும். பேரம் படிவதற்கு முன்னால் கியர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மாற்று கியர்களை வரிசையாகத் தரையில் வைத்துப் பல் எண்ணுங்கள். 127 பல் கியரும் நாலு ஜா சக்கும் கூட வருகிறதா என்று பார்த்து, வந்தால் அதற்குத் தகுந்த விலை பேசுங்கள். தனியாகத் தேடினால் அந்த இரண்டும்தான் கடைசிவரை கிடைக்காமல் இழுத்தடிக்கும்.